கார்கானா வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும்

1

சென்ற வாரம் தூத்துக்குடியிலிருந்து மைனி போன் செய்தாள். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. நாங்கள் ஹைதராபாத்துக்கு வந்து பதினாறு வருடம் முடிகிறது என்பது எப்படியோ அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாள். ஆனால் எங்கள் ஊரில் வாழ்த்தைத் தனியாகக் கொடுக்கிற வழக்கம் கிடையாது, கூடவே ஒரு குத்தலும் வரும்.

"பதினாறு வருசமா அங்கன கெடக்கியே, ஒனக்குன்னு அங்க யாருட்டி இருக்கா?"

"ஒரு பெஞ்ச் வைஸ் இருக்கு மைனி."

"என்னது?"

"இரும்புப் பிடி. எதை உள்ள வச்சு இறுக்குனாலும் அசையாது."

"நான் மனுசாளக் கேக்கேன்."

மனிதர்களும் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கணக்கைத் தப்பாகச் சொல்லியிருப்பேன். இப்போது சரியாகத் தெரியும். அதை மைனிக்குப் போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு வந்தவர்கள் எழுதுவதை நானும் படிக்கிறேன். பாதிக்கு மேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுகிறார்கள். எனக்கு அது வராது. எனக்கு நன்றாக வருவது கோபம். அதை வைத்துத்தான் இங்கே குப்பை கொட்டுகிறேன்.

2

நாங்கள் இருப்பது குகட்பள்ளியில், ஹவுசிங் போர்டு காலனியில். என் கணவர் செல்வினுக்கு ஐ.டி. வேலை. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். பக்கத்தில் பாலாநகரில் ஒரு சின்னத் தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தேன். அதை ஒருநாள் மூடினார்கள். கடைசி நாளன்று சாமான்களைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் நாற்காலியும் மின்விசிறியும் எடுத்தார்கள். நான் பெஞ்ச் வைஸை எடுத்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் அதற்கும் தனியாகக் கேட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, அதை மேசையில் பொருத்த நாலு ஓட்டை போட வேண்டும், ஓட்டை போட டிரில் மெஷின் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் நாளைக்கு என்றார். இந்த ஊரில் நாளை என்பது ஒரு கிழமையின் பெயர் அல்ல, ஒரு மனநிலை. மேல் வீட்டில் கேட்டேன். லாஃப்டில் இருக்கிறது, எடுக்க ஏணி இல்லை என்றார்கள். கீழ் வீட்டில் இருந்தது, வாங்கிய நாளிலிருந்து பெட்டியைத் திறக்கவே இல்லை. எதிர் பிளாக்கில் இரண்டு வீட்டில் இருந்தன. காலனியில் எங்கள் பகுதியான இந்த ஃபேஸ் முழுக்க லாஃப்டுகளில் டிரில் மெஷின்கள் படுத்துத் தூங்குகின்றன, கீழே ஜனங்கள் ஒரு திரைச்சீலைக் கம்பி மாட்ட முடியாமல் நாளைக்குக் காத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் எங்கள் பிளாக்கின் செல்லாரில் ஒரு மேசை. செல்லார் என்று இங்கே சொல்வது வண்டி நிறுத்தும் அடித்தளத்தை. பிறகு ஆட்கள் சேரச் சேர, காலனிச் சங்கக் கட்டடத்தின் கீழ் அறையைக் கேட்டு வாங்கினோம். வருடம் முழுக்கப் பிள்ளையார் பந்தலின் மூங்கில்களைப் போட்டு வைத்திருந்த அறை. ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்: ரம்பம், ஸ்பேனர் செட், இரண்டு தையல் மிஷின், கிரைண்டர், தூங்கிக்கொண்டிருந்த டிரில்கள். சுவரில் பெரிய பிளைவுட் பலகை மாட்டி, ஒவ்வொரு கருவியையும் அதில் வைத்து அதன் உருவத்தைச் சுற்றி நீலப் பெயின்டில் கோடு போட்டேன். எது போயிருக்கிறது, எது இருக்கிறது என்று வாசலிலிருந்தே தெரியும். டூல் ரூம் பழக்கம். யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொண்டவர் எடுத்துப் போகலாம், திருப்பி மாட்ட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பொது வகுப்பு. ஜனங்களே அதற்குக் கார்கானா, அதாவது பட்டறை, என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கொடுத்தவர் பெயரைக் கருவியில் எழுதக் கூடாது என்பது என் விதி. எங்கள் ஊர்ச் சர்ச்சில் மின்விசிறி இறக்கையில்கூட உபயம் என்று பெயர் எழுதியிருப்பார்கள். அது சுற்றும்போது மட்டும்தான் நிம்மதி.

கரண்ட் இணைப்பு மாற்றப் போன கதையையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "ஃபாக்டரியா?" இல்லை. "ஸ்கூலா?" இல்லை. "கோயில், சர்ச், மசூதி?" இல்லை. "கடை?" இல்லை. அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்படின்னா மேடம், அப்படி ஒண்ணு கிடையாது." நான் அந்த இல்லாத ஒன்றை இரண்டு வருடம் நடத்தினேன்.

என் தெலுங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வகுப்பில் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து சுத்தி கொண்டுவாருங்கள் என்றேன். ஒரே சிரிப்பு. தெலுங்கிலும் சுத்தி என்றால் சுத்தியல்தான், ஆனால் அறுவைப் பேச்சுக்கும் அதே பெயர். எதற்கு மேடம், உங்களிடமே நிறைய இருக்கிறதே என்றார் ஒருவர். என் மகள் ரெனி அன்றிலிருந்து என் வகுப்புப் பக்கமே வரவில்லை. அவளுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கில் வரும், கோபம் வந்தால் ஆங்கிலத்தில். தமிழில் தன் பெயரை எழுதுவாள், அத்துடன் சரி.

இனி வருகிற பேச்செல்லாம் பெரும்பாலும் தெலுங்கில் நடந்தது. உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன், ஒன்றிரண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

3

வெள்ளிக்கிழமை வகுப்பு வைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. வாரக் கடைசி, வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். ஆனால் கார்கானாவில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

அன்று பழைய சோபாவுக்கு உறை தைக்கிற பாடம். லலிதா காரு பெரிய கத்தரியும், தடித்த துணிக்கான வளைந்த ஊசிகளும் கொண்டுவந்திருந்தார். லலிதா காரு எங்கள் சங்கத் தலைவர் முரளீதர் காருவின் மனைவி; காரு என்பது தெலுங்கில் மரியாதைக்குச் சேர்ப்பது. பீமாவரம் பக்கத்துக்காரர்கள். அதிகம் பேச மாட்டார், பேசினால் மறுபேச்சுக்கு இடம் இருக்காது. பக்கத்திலிருந்த பெண் ஊசி கேட்டாள். லலிதா காரு தலையை ஆட்டினார்.

"இன்னிக்கு சுக்ரவாரம். விளக்கு வெச்சாச்சு. ஊசி குடுக்க மாட்டேன்."

"இது வீடு இல்லைங்க, ஒர்க்‌ஷாப்பு" என்றேன்.

"என் ஊசிதானே?"

செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்கக் கூடாது, விளக்கு வைத்த பின் ஊசி கொடுக்கவே கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலை சொல்லி முடித்த கையோடு, பக்கத்து வீட்டுக்காரி ஊசி கேட்டு வந்தால் இல்லை என்று என் அம்மா கூசாமல் பொய் சொல்வாள். அடுத்த நாள் அதற்கும் சேர்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பாளோ என்னவோ. ஆனால் கருவிகளை எல்லோருக்கும் பொதுவாக்க வந்த இடத்தில், வாரத்தில் இரண்டு நாள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன அர்த்தம்? நான் லெக்சர் கொடுக்க ஆரம்பித்தேன். சுத்திதான்.

லலிதா காரு முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு ஊசியை மேசையின் நடுவில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேனு இவ்வலேது. இக்கட பெட்டானு, அந்தே."

நான் கொடுக்கவில்லை, இங்கே வைத்தேன், அவ்வளவுதான். அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். லலிதா காருவுக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான வேலை இருந்தது.

முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். டூல் ரூமிலும் இதே சட்டம்தான். உளியை, கத்தியை, சூடான எதையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வை, அவன் எடுத்துக்கொள்ளட்டும். ஒருவன் விட்டு மற்றவன் பிடிக்காத அந்த ஒரு நொடியில்தான் விரல் போகும். மறுநாளே கார்கானாவின் நடுவில் ஒரு மேசை போட்டேன். எந்தக் கருவியும் இனி கைக்குக் கை கிடையாது. வைப்பவர் வைப்பார், எடுப்பவர் எடுப்பார். சாஸ்திரக்காரர்களுக்கும் சந்தோஷம், விரல்களுக்கும் சந்தோஷம்.

கொஞ்ச நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். கையில் கொடுத்தால், கொடுத்தவர் யார் வாங்கியவர் யார் என்று இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். மேசையில் வைத்தால் அது யாருடையதும் இல்லை. தேவைப்பட்டவருடையது.

4

அப்படித் தேவைப்பட்டு வந்தவர்களில் ஒருத்திதான் யாதம்மா. எங்கள் ஃபேஸில் ஆறு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைக்கிறவள். மகபூப்நகர் பக்கம் சொந்த ஊர். ரோட்டுக்கு அந்தப் புறம் இருக்கிற குடிசைப் பகுதியில், பஸ்தி என்பார்கள், குடியிருக்கிறாள். ஒரு வகுப்புக்கு வேடிக்கை பார்க்க வந்து, டிரில்லை எடுத்துச் சுவரில் முதல் ஓட்டையைப் போட்டபோது, "ஹவ், இவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவு சுலபமாக எல்லாம் அவளுக்கு வந்துவிடவில்லை. முதலில் செய்த ஸ்டூல் ஒரு கால் குட்டையாக இளம்பிள்ளைவாதம் வந்ததுபோல் நின்றது. இரண்டாவதும் அப்படித்தான். மரவேலை நக்கோ, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஓட்டை போடுவது மட்டும் அவளுக்குப் பிடித்துவிட்டது.

இதற்குள் முரளீதர் காருவும் ஒரு டிரில் கொடுத்திருந்தார். அவர் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பேட்டரி டிரில். வயர் கிடையாது, இரண்டு பேட்டரி. பெட்டியைத் திறந்து பார்த்து மூடி வைத்திருந்ததுதான் அவர் அதில் செய்த வேலை. அதில் தன் பெயர் எழுதலாமே என்றார். மின்விசிறிக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. இருந்தாலும் கொடுத்தார், அதை மறுக்க முடியாது.

யாதம்மா அந்த டிரில்லைத்தான் எப்போதும் எடுப்பாள். ஸ்டூல் மேல் நிற்கும்போது வயர் காலில் சிக்காது. ஒரு வீட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்டினாள், அடுத்த வீட்டில் அலமாரித் தட்டு, அதற்கடுத்த வீட்டில் கொசுவலை. எலக்ட்ரீஷியன் நாளைக்கு என்பார், யாதம்மா இப்பவே என்பாள். சும்மா செய்யவில்லை, கூலி வாங்கினாள். இரண்டு வீட்டில் பாத்திர வேலையை விட்டாள். "கை காஞ்சிருக்கு மேடம்" என்று உள்ளங்கையைக் காட்டினாள். வருடக்கணக்கில் சோப்புத் தண்ணீரில் ஊறிய கை. எனக்கு இந்த இரண்டு வருடத்தில் அதைவிடச் சந்தோஷமான நாள் கிடையாது.

அப்புறம் ஒருநாள் லலிதா காரு அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பால்கனியில் துணி காயப்போடும் கம்பி மாட்ட வேண்டும். யாதம்மா போனாள், மாட்டினாள், கூலி வாங்கினாள். உள்ளேயிருந்து முரளீதர் காரு வந்தார். டிரில்லைப் பார்த்தார். பணத்தைப் பார்த்தார்.

"என் டிரில். என் சுவர். என் பணம்" என்றாராம்.

லலிதா காரு சிரித்துவிட்டாராம். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்குமோ என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

மறு வாரம் சங்கத்தின் நோட்டீஸ் வந்தது. பொதுக்குழு. கார்கானா குடியிருப்பாளர்களுக்கு மட்டும். கருவிகளைச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் எடுக்கலாம், சம்பாதிக்க எடுக்கக் கூடாது. வெளியாட்கள் கூடாது. அறைக்குப் பூட்டு, சாவி சங்கத்திடம்.

5

எங்கள் தெருவில் ஒரே ஓர் ஏணி இருந்தது, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. டிசம்பர் பிறந்தால் அது வீடு வீடாகப் போகும், எல்லோரும் அதில் ஏறித்தான் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவார்கள். ஒரு வருடம் ஒரு குடும்பத்துக்கு அது தங்கள் தாத்தா வாங்கியது என்று திடீரென்று ஞாபகம் வந்தது. சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். அந்த டிசம்பரில் அவர்கள் வீட்டு ஸ்டார் மட்டும் உயரத்தில் தொங்கியது. மற்றவர்களுடையதெல்லாம் ஆள் உயரத்தில். காகித ஸ்டார்களில் பாதியை ஆடுகள் தின்றுவிட்டன. ஊர் என்றாலே ஒற்றுமை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த ஆடுகள்தான் ஞாபகம் வரும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் செல்வின் சொன்னார்.

"ஏட்டி, பொழைக்க வந்த எடத்துல நமக்கு என்னத்துக்கு இந்த வம்பு? அவங்க எடம், அவங்க பூட்டிட்டுப் போறாங்க. சும்மா கெடயேன்."

"பொழைக்க வந்த எடத்துல பொழைக்கத்தான் செய்வாவ. அவளும் அதுக்குத்தான வந்திருக்கா."

"நான் ஒன்னச் சொல்லுதேன்."

"நான் ரெண்டு பேரையும் சொல்லுதேன்."

ரெனி போனிலிருந்து தலையைத் தூக்காமல், "மம்மி, லைட் தீஸ்கோ" என்றாள். லேசாக எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எதற்கும் சொல்கிற மருந்து. எனக்கு எதையும் லேசாக எடுக்கத் தெரியாது. பெஞ்ச் வைஸையே மடியில் தூக்கிக்கொண்டு வந்தவள்.

ஞாயிறு காலை கூட்டம். முரளீதர் காரு முறைப்படிதான் பேசினார். கத்தவில்லை. "யாராவது விரலை வெட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது? சங்கம்தான். நாம கொடுத்த சாமானை வெச்சு வெளியாளுங்க வியாபாரம் பண்றாங்க. இது நியாயமா?" பலர் தலையாட்டினார்கள். விரல் விஷயம் நியாயம்தான். வகுப்பு முடிக்காமல் யாரும் எதையும் தொட முடியாது, இதுவரை ஒரு பிளாஸ்டருக்கு மேல் தேவைப்படவில்லை என்று சொன்னேன். வெளியாள் என்ற சொல்தான் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

எழுந்து நின்றேன். "ஒண்ணு கேக்கறேன். சங்கராந்திக்கு இந்தக் காலனியில யார் இருப்பாங்க?"

பதில் எல்லோருக்கும் தெரியும். சங்கராந்தி வந்தால் எங்கள் காலனியில் ஈ காக்கை இருக்காது. பஸ் பஸ்ஸாக எல்லோரும் பீமாவரம், குண்டூர், நெல்லூர் என்று அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். நானும் தூத்துக்குடிக்குப் போவேன். இந்த ஊர்தான் எங்கள் ஊர் என்று சொல்ல அந்த அறையில் ஒருவரும் கிடையாது.

"நாம எல்லாரும் போயிடுவோம். நம்ம செடிக்கு யார் தண்ணி ஊத்தறது? பூனைக்கு யார் சோறு வைக்கறது? யாதம்மா. அவ கைல நாம என்ன கொடுத்துட்டுப் போறோம்?" அங்கே வந்து என் தெலுங்கு நின்றுவிட்டது. சொல் வரவில்லை. கையால் பூட்டைத் திறப்பதுபோல் காட்டினேன்.

"தாளாலு" என்று பின்னாலிருந்து ஒரு குரல், சலிப்போடு. ரெனி. வீட்டுச் சாவி என் பையில் இருந்ததால் வாங்கிப்போக வந்து வாசலில் நின்றிருக்கிறாள்.

"ஆமா, சாவி. நம்ம வீட்டுச் சாவியெல்லாம் கொத்தா அவ கைல கொடுத்துட்டுப் போறோம். உள்ளே நகை இருக்கு, பத்திரம் இருக்கு. அதையெல்லாம் நம்பிக் கொடுப்போம். ஒரு டிரில்லு கொடுக்க மாட்டோமா? பாத்திரம் தேய்க்க நம்ம ஸ்க்ரப்பரைக் கொடுக்கறோமே, அதை வெச்சு அவ சம்பாதிக்கலையா? அதை யாரும் வியாபாரம்னு சொல்லலையே."

ஒருவர் கை தட்டினார், ஒருவர்தான். பிறகு ஓட்டெடுப்பு. தோற்றோம். நெருங்கிய தோல்வி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், அதுவும் இல்லை. முந்தின வாரம் தன் வீட்டில் யாதம்மாவிடம் திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொண்டவரே எதிர்த்துக் கை தூக்கினார். என்னைப் பார்க்காமல் தூக்கினார், அதுவரைக்கும் மரியாதை.

6

பூட்டுப் போட அடுத்த ஞாயிறு வரை நேரம் கொடுத்தார்கள். நான் சொன்னேன்: அறை சங்கத்துடையது, நான் மறுக்கவில்லை. கருவிகள் கொடுத்தவர்களுடையவை. வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொண்டு போங்கள். வேண்டாம் என்பவர்கள் என்னோடு தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பாதிப் பேர் எடுத்துப் போனார்கள். தூங்கப் போன டிரில்களை நினைத்தால் வயிறு எரிகிறது. மீதிப் பேர் வந்தார்கள். ஞாயிறு காலை, தையல் மிஷின் ஒன்று, கிரைண்டர், ரம்பங்கள், நடு மேசை, நீலக்கோடு போட்ட பலகை, என் பெஞ்ச் வைஸ், எல்லாவற்றையும் தலையிலும் தோளிலும் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டைக் கடந்தோம். டிராஃபிக் நின்றது. ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்து ஒருவர் பைக்கை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போன இடம் பஸ்தியின் வாசலில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் மட்டும் செங்கல் சுவர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் காஜா பாயுடையது. பழைய ஃப்ரிட்ஜ்களைப் போட்டு வைத்திருந்தார். வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

"கிராயா கைக்கு மேடம், வாடகை எதுக்கு? ஒரு மூலை என்னுது. அதுல மட்டும் கை வைக்க நக்கோ."

கொட்டகைக்குக் கரண்ட் கிடையாது. மறுபடி அதே அலுவலகம், அதே மனிதர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஃபாக்டரியா என்று அவர் ஆரம்பிப்பதற்குள் நானே, "அப்படி ஒண்ணு கிடையாது, தெரியும். கிடையாததுக்கு ஒரு மீட்டர் வேணும்" என்றேன். சிரித்தார். ஆனால் மீட்டர் வரவில்லை. ஆய்வுக்கு ஆள் வர வேண்டுமாம், ஆள் வர இடத்துக்கு வீட்டு எண் வேண்டுமாம், வீட்டு எண் வேண்டுமானால் வேறு ஓர் அலுவலகமாம், அங்கே போனால் மின் ரசீது கேட்கிறார்கள்.

நாங்கள் காத்திருக்கவில்லை. சார்ஜ் லைட்டைத் தொங்கவிட்டு, கை ரம்பத்திலும் மிதி மிஷினிலும் வகுப்பை நடத்தினோம். மரம் அறுத்தோம், துணி தைத்தோம், சைக்கிள் கழற்றி மாட்டினோம். ஓட்டை மட்டும் போட முடியவில்லை. எங்களோடு வந்த டிரில்களெல்லாம் வயர் வைத்தவை, செங்கல் சுவரில் ஓர் ஆணிகூட இறங்காது. பலகையை மாட்ட வழியில்லாமல் ஒரு ஃப்ரிட்ஜின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். பேட்டரி டிரில் இருந்திருந்தால் போதும். அதை முரளீதர் காரு முதல் நாளே எடுத்துப் போய்விட்டார். பலகையில் அதன் நீலக்கோடு மட்டும் காலியாக இருந்தது. அழித்துவிட்டு வேறு எதையாவது மாட்டலாமே என்றார்கள். அழிக்க மாட்டேன் என்றேன். அது காலியாக இருப்பது எல்லோர் கண்ணிலும் படட்டும்.

யாதம்மாவின் நிலைமைதான் எனக்குத் தாங்கவில்லை. கரண்ட் இருக்கிற வீடுகளில் வயர் டிரில்லை வைத்துச் செய்தாள்தான். ஆனால் சங்கத்தின் நோட்டீஸுக்குப் பிறகு எங்கள் ஃபேஸில் அவளைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். புதிதாகக் கட்டுகிற வீடுகளில் வேலை நிறைய இருந்தது, அங்கே இன்னும் கரண்ட் வரவில்லை, வயர் டிரில்லால் பிரயோஜனமில்லை. விட்ட இரண்டு வீடுகளில் ஒன்றில் மறுபடி பாத்திரம் தேய்க்கக் கேட்டிருக்கிறாள். வேறு ஆள் வைத்துவிட்டார்களாம். அதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் இவளை அந்த வேலையை விட வைத்தேனோ என்று எனக்குத் தோன்றியதை அவள் என் முகத்திலிருந்து படித்திருக்க வேண்டும்.

"மேடம், நான் ஸ்டூல்தான் கோணலா செய்வேன். இதை நானேதான் யோசிச்சு விட்டேன்" என்றாள்.

ரெனி ஒருநாள் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றாள். வாசலில் நான் தெலுங்கில் எழுதி வைத்த பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிநேகிதிகள் சிரிக்கிறார்களாம். அழித்து அழகாக எழுதினாள்: கார்கானா. எல்லோரும் வரலாம். என்ன கிழமைகள் என்று கேட்டாள். திங்கள், செவ்வாய், வெள்ளி என்றேன்.

"செவ்வாய், வெள்ளி மாத்திடு மம்மி. அந்த ரெண்டு நாள்ல யாரும் எதுவும் கொண்டுவர மாட்டாங்க" என்றாள் தெலுங்கில்.

"அதுக்குத்தான் மேசை இருக்கு" என்றேன் தமிழில்.

தோளைக் குலுக்கிவிட்டு எழுதினாள்.

7

போன வெள்ளிக்கிழமை. மைனி போன் செய்ததற்கு மறுநாள். சூரியன் இறங்கி, பஸ்தி வீடுகளில் விளக்கு வைத்துவிட்டார்கள். சார்ஜ் லைட்டின் கீழ் ஏழெட்டுப் பேர் ஒரு பழைய மேசைக்குக் கால் மாற்றிக்கொண்டிருந்தோம். யாதம்மா, காஜா பாய் எங்கிருந்தோ தேடிக் கொடுத்த பழைய கை டிரில்லைச் சுற்றிச் சுற்றி, அது மரத்தில் வழுக்கி வழுக்கி, தெலங்கானா வசவுகளில் எனக்குத் தெரியாதவற்றைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் லலிதா காரு நின்றார். தனியாக. கையில் துணிப்பை. மெயின் ரோட்டை அந்தக் கூட்ட நேரத்தில் தனியாகக் கடந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. நேராக நடு மேசைக்கு வந்தார். பையிலிருந்து அந்த டிரில்லை எடுத்து வைத்தார். அதன் பக்கத்தில் இரண்டு பேட்டரி.

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், வீட்டுப் பொருள், அதுவும் மகன் கொண்டுவந்தது.

"முரளீதர் காருவுக்குத் தெரியுமா?" என்றேன்.

லலிதா காரு என்னைப் பார்த்தார். பிறகு கொட்டகையில் ஜன்னலைத் தேடினார். ஜன்னல் இல்லை. ஒரு ஃப்ரிட்ஜைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நேனு இவ்வலேது" என்றார் ஃப்ரிட்ஜிடம். "இக்கட பெட்டானு, அந்தே. ரெண்டு பேட்டரியும் ஃபுல் சார்ஜ்."

அழ மாட்டேன் என்று ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறேன், அதனால் இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை.

மேசையைச் சுற்றி நின்ற யாரும் அசையவில்லை. எல்லோரும் யாதம்மாவைத்தான் பார்த்தோம். அவள் புடவை முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள். டிரில்லை எடுத்தாள், பேட்டரியைச் செருகினாள், ஒரு முறை காற்றில் சுற்றவிட்டுப் பார்த்தாள். மேசைக் காலை விட்டுவிட்டு நேரே செங்கல் சுவருக்குப் போனாள்.

"மேடம், பலகையைப் பிடிங்க" என்றாள்.

நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறு பக்கத்தை, ஃப்ரிட்ஜை விட்டுத் திரும்பி வந்த லலிதா காரு பிடித்தார். யாதம்மா நாலு ஓட்டை போட்டாள்.